தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்

"சார், டார்வின் பாடம் பரீட்சைக்கு வந்தா எழுதணுமாம். ஆனா மனசுல நம்பக் கூடாதாம். மிஸ் சொன்னாங்க."

ஆண்டர்சன்பேட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு டியூஷன் படிக்க வந்த பத்தாம் வகுப்புப் பெண் இப்படிச் சொல்லி ஏழெட்டு வருடம் இருக்கும். அவள் சொன்ன விதம்தான் இன்னும் என்னை விடவில்லை. நோட்டில் மார்ஜின் விட்டு எழுதணும், தலைப்புக்குக் கீழே கோடு போடணும் என்பதைப் போல அதையும் ஒரு பரீட்சை விதியாகச் சொன்னாள். முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. "அப்போ நீ எழுதறது பொய்யாம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "மார்க் வருமில்ல சார்" என்றாள்.

அந்த ஆசிரியையை எனக்குத் தெரியும். நல்ல மனுஷி. ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்குத் தன் சம்பளத்திலிருந்து கட்டியவர். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் செய்ததை நம்மில் பலர் செய்கிறோம், செய்வது தவறு என்றுகூடத் தெரியாமல் செய்கிறோம் என்பதற்காக எழுதுகிறேன். நம்பாததை எழுது, எழுதியதை நம்பாதே என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், அன்று அந்தப் பிள்ளை டார்வினைப் படிக்கவில்லை. பொய் சொல்லப் படித்திருக்கிறது. அதற்கு நாம் மார்க்கும் போடுகிறோம்.

இதை இந்த ஊரில் செய்யக் கூடாது. வேறு எந்த ஊரில் செய்தாலும் தவறுதான். ஆனால் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள் இதைச் செய்வது, நம்மை வளர்த்த கைகளுக்குச் செய்யும் துரோகம். ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். வெடி வைத்துப் புகை அடங்கிய பிறகு முதலில் உள்ளே போகிறவர் கையில் நீளமான இரும்புக் கம்பி இருக்கும். மேல் பாறையை அந்தக் கம்பியால் ஒவ்வொரு அடியாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'ணங்' என்று கெட்டியாகச் சத்தம் வந்தால் பாறை பிடிப்போடு இருக்கிறது. 'டொப்' என்று பொத்தலாகக் கேட்டால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, எந்த நிமிஷமும் விழும். அதை நெம்பித் தள்ளிய பிறகுதான் மற்றவர்கள் வரலாம். அப்பா சாப்பிடும்போது சில நாள் தட்டின் விளிம்பை விரல் நகத்தால் தட்டிக் காட்டுவார். "இந்தச் சத்தத்துலதான்டா நாலு வீட்டு அடுப்பு எரியுது" என்பார்.

சுரங்கத்துக்குள் இறங்கும் கேஜில் ஏறும் முன் கும்பிடாதவர் யாரும் இல்லை. மாரியம்மனைக் கும்பிட்டவர்கள் இருந்தார்கள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் இருந்தார்கள், தொழுதுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள், புத்தரை வணங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் கும்பிட்டாயிற்றே என்று பாறையைத் தட்டாமல் போனவர் ஒருவரும் இல்லை. தட்டாமலே 'தட்டிட்டேன், சரியா இருக்கு' என்று மேஸ்திரியிடம் சொன்னவனை யாரும் மன்னிக்கவும் இல்லை. ஏனென்றால் அந்தப் பொய்யின் கீழே இன்னொருவன் பிள்ளை போய் நிற்பான்.

வகுப்பறையில் ஆசிரியர் கையில் இருப்பதும் அந்தக் கம்பிதான். அவர் 'சரியா இருக்கு' என்று சொன்னால் பிள்ளை நம்பிப் போய் நிற்கும்.

அந்தப் பெண் படித்தபோது பாடமாவது இருந்தது. 2023இல் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி., பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடத்தில் பரிணாமத்தை எடுத்துவிட்டு 'மரபு' என்று மட்டும் வைத்தது. கொரோனா காலத்தில் பிள்ளைகளின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று தொடங்கியது, பள்ளிகள் திறந்து பெஞ்சுகள் நிரம்பிய பிறகும் நீடித்து, புத்தகத்திலிருந்தே பக்கங்கள் போய்விட்டன. புதைபடிவங்கள், புதிய இனங்கள் எப்படித் தோன்றுகின்றன, மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற பகுதிகள் எல்லாம் போயின. நாடு முழுவதும் 1800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு, திரும்பச் சேருங்கள் என்று கேட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்று பதில் வந்தது.

இருக்கிறது, உண்மைதான். ஆனால் நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறார்கள்? எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ஒருவன் ஐ.டி.ஐ. போகிறான். ஒருத்தி பி.யு.சி.யில் காமர்ஸ் எடுக்கிறாள். இன்னொருவன் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான். இவர்களுக்கு அறிவியல் என்று யாரோ ஒருவர் சொல்லிக்கொடுப்பது பத்தாம் வகுப்போடு முடிகிறது. அங்கே சொல்லாமல் விட்டது ஆயுளுக்கும் சொல்லாமல் விட்டதுதான். அதன் பிறகு அவர்களுக்குப் பாடம் எடுப்பது வாட்ஸ்அப்.

இதற்கு முன்பே அடையாளங்கள் தெரிந்தன. 2018 ஜனவரியில், மத்தியில் உயர்கல்வித் துறை இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு என்றார். குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, அதனால் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து அது தவறு என்று உடனே அறிக்கை விட்டன. அடுத்த ஆண்டு ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர், டார்வினைவிடத் தசாவதாரம் சிறந்த பரிணாமக் கொள்கை என்று மேடையில் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்ற வாதத்தைப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். சத்யபால் சிங் மும்பைக் காவல்துறை ஆணையராக இருந்தவர். யாரும் பார்க்காத குற்றத்தைக் கைரேகையையும் ரத்தக் கறையையும் வைத்து நிரூபிப்பது காவல்துறையின் அன்றாட வேலை. நம் தங்கமும் அப்படித்தான். தங்கம் பாறைக்குள் வந்து சேர்ந்ததை எந்த மனிதனும் பார்த்ததில்லை. ஆனால் தங்கம் ஓடும் ரீஃப் எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறது, அடுத்த லெவலில் எங்கே இருக்கும் என்று பாறையைப் படித்துச் சொன்னார்கள். அந்தப் படிப்பை நம்பி 1880 முதல் 2001 பிப்ரவரி 28 வரை, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, நம் ஆட்கள் தோண்டினார்கள். பாறை படிக்கத் தெரிந்தவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்ததால்தான் அத்தனை டன் தங்கம் வெளியே வந்தது.

அந்தப் பாறை பரிணாமத்தைப் பற்றியும் பேசுகிறது. நம் ஊரை ஒட்டிய பெத்தபள்ளியில் தலையணைகளை அடுக்கியது போல உருண்டு திரண்ட பாறைகள் இருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவற்றைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. எரிமலைக் குழம்பு தண்ணீருக்கு அடியில் பொங்கி, மேல்தோல் சட்டென்று குளிர்ந்து உறைந்தால் மட்டுமே அப்படி உருவாகும். இன்றும் கடலடி எரிமலைகளில் அப்படி உருவாவதைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஆக, ஆட்டுக்குட்டி மேயும் இந்தக் காய்ந்த மேடு ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்தது. கோலார்ப் பாறைப் பட்டையின் வயது சுமார் 270 கோடி ஆண்டு. பாறைக்குள் இருக்கும் யுரேனியம் போன்ற தனிமங்கள் ஈயமாகவும் பிறவாகவும் மாறும் வேகம் நமக்குத் தெரியும். ஒரு வகை யுரேனியத்தில் பாதி ஈயமாக மாற சுமார் 447 கோடி ஆண்டு ஆகும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும். உலகத்தின் வயது ஆறாயிரம் ஆண்டு என்று அச்சிட்ட சிறு புத்தகங்கள் நம் தெருக்களிலும் கைமாறுகின்றன. அதைக் கொடுப்பவரிடம் சண்டை வேண்டாம். பிள்ளையைப் பெத்தபள்ளிக்குக் கூட்டிப்போய் அந்தப் பாறையில் கை வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். நூற்றிருபது வருடம் தோண்டினோம். மலை மலையாக வெளியே வந்து கொட்டிய அந்தக் கல்லில்தான் சயனைடு மேடுகள் எழுந்தன. அத்தனையிலும் ஒரு மீன் முள்ளோ ஒரு சிப்பியோ கிடைக்கவில்லை. நம் பாறை சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது, அதில் தடயம் தங்குவது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதே வயதுள்ள, அவ்வளவு உருமாறாத பாறைகள் உலகில் வேறு இடங்களில் உண்டு. அங்கேயும் நுண்ணுயிர்களின் தடயத்துக்கு மேல் ஒன்றும் கிடைத்ததில்லை. அரியலூருக்குப் போனால், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்குள் அடங்கும் பாறையில் கடல் நத்தைகள் கல்லாகிக் கிடக்கின்றன. மனிதனின் எலும்பு அங்கேயும் இல்லை. அது இன்னும் எவ்வளவோ மேலே, புதிய மண்ணில்தான் கிடைக்கிறது. எல்லாம் ஒரே வாரத்தில் படைக்கப்பட்டிருந்தால் எல்லா அடுக்கிலும் எல்லாமும் கலந்து கிடந்திருக்க வேண்டும். எந்த நாட்டில் தோண்டினாலும் அடுக்கு இப்படித்தான் இருக்கிறது.

"வெறும் தியரிதானே சார்" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நம் ஊரிலேயே அதற்கும் பதில் இருக்கிறது.

1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் வந்தவர்களோடு சேர்ந்து, நம் சாம்பியன் ரீஃபில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். வானத்திலிருந்து வரும் மற்றக் கதிர்களையெல்லாம் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும் என்பது கணக்கு. உலகத்திலேயே முதன்முறையாக வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தவர்களில் அவர்களும் உண்டு. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பிடித்தார்கள். நம் அப்பாமார் ஏறிய கேஜில்தான் அவர்களும் இறங்கினார்கள்.

1980களில் அதே ஆழத்தில் 140 டன் இரும்போடு இன்னொரு சோதனை. புரோட்டான் என்ற துகளும் ஒரு நாள் சிதையும் என்று ஒரு தியரி சொன்னது. பெரிய பெரிய விஞ்ஞானிகள் நம்பிய தியரி. நம் சுரங்கத்தில் அப்படிச் சிதைந்தது போன்ற சில தடங்கள் தெரிந்தன, வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இன்னும் பெரிய கருவிகள் வைத்துக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்றுவரை புரோட்டான் சிதைந்ததாக யாரும் உறுதிப்படுத்தவில்லை. நம் ஊர் சொன்னது என்ற பெருமைக்காக எவரும் அதைப் பாடப்புத்தகத்தில் ஏற்றவில்லை. தட்டிப் பார்த்தபோது பொத்தல் சத்தம் கேட்டது, நிறுத்தி வைத்தார்கள். அறிவியலில் தியரி என்பது இப்படித் தட்டுவதற்காகவே வைக்கப்படுவது.

பரிணாமக் கொள்கையை 1859 முதல் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24 ஜோடி. எல்லாருக்கும் ஒரே மூதாதை என்றால் அந்த ஒரு ஜோடி எங்கே போனது? அது மாயமாகிப்போனால் உயிர் பிழைக்காது. ஆகவே, நம் குரோமோசோம்களில் ஏதோ ஒன்று, பழைய இரண்டு ஒட்டிக்கொண்டதாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் கொள்கை விழுந்தது. தேடினார்கள். நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவில், முனைகளில் மட்டுமே இருக்க வேண்டிய பகுதி, இரண்டு கயிறுகளைச் சேர்த்துப் போட்ட முடிச்சைப் போல இருக்கிறது. இந்தக் கதையைப் பத்தாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

நம் நாட்டிலேயே கிடைத்த சான்றும் உண்டு. ரங்க ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் காஷ்மீர்ப் பக்கம் காலாகோட்டில் சேகரித்த கற்கள் பல வருடம் பிரிக்கப்படாமலே கிடந்தன. அவர் மறைந்த பிறகு அவர் மனைவி அவற்றை ஓர் ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். சுத்தம் செய்யும்போது கை தவறி ஒரு மண்டை ஓடு உடைந்தது. உள்ளே காது எலும்பு, திமிங்கிலத்துக்கு இருப்பதைப் போல ஒரு பக்கம் தடித்திருந்தது. உடலோ சின்ன மான் அளவு, நான்கு கால். சுமார் 4.8 கோடி ஆண்டுக்கு முன் நீரோரத்தில் வாழ்ந்த அந்த விலங்கைத் திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு என்று 2007இல் அறிவித்தார்கள். அதன் பெயர் 'இந்தோஹையஸ்', நம் நாட்டின் பெயரே அதில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரியாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கிறவர்களை, நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பாறைத் தூசி நெஞ்சில் தங்கி மூச்சு வாங்கும் பெரியவர் இல்லாத லைன் உண்டா? சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும். உலகிலேயே காசநோயாளிகள் அதிகமாக உள்ள நாடும் நம் நாடுதான். ஆறு மாதம் மாத்திரை என்பார்கள். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்து உடம்பு தேறியதும் பெரியவர் மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுவார். அப்போது உள்ளே என்ன நடக்கிறது? கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு, பிறவியிலேயே ஒரு சின்ன மாற்றத்தோடு, அந்த மருந்தைத் தாங்கும். மற்றவை செத்துவிட்டன, போட்டி இல்லை. பாதியில் மருந்து நின்றதும் மிஞ்சியவை பெருகும். அடுத்து வருவது, பழைய மாத்திரைக்கு அடங்காத காசநோய். அது பேரப்பிள்ளைக்கும் தொற்றும்.

டார்வின் சொன்னது இதைத்தான். வேறுபாடு, தேர்வு, பெருக்கம். அது கோடி ஆண்டுப் பழங்கதையாக மட்டும் இல்லை. நம் வீட்டுக் கட்டிலில், இந்த மாதத்தில் நடக்கிறது. இந்தப் பாடத்தைப் புரிந்துகொண்ட பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால், "தாத்தா, இன்னும் நாலு மாசம் போட்டே ஆகணும்" என்று காரணத்தோடு சொல்வாள். பாடத்தைப் பறித்துக்கொண்டால் அந்தக் காரணத்தையும் பறித்துவிடுகிறோம்.

இன்னொரு காரணம் உண்டு. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டன்மார் வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் இங்கே கூலிக்கு வந்தபோது ஒரு படைப்புக் கதையையும் முதுகில் சுமந்துகொண்டுதான் வந்தார்கள். ஒருவன் தலையிலிருந்து பிறந்தான், ஒருவன் தோளிலிருந்து, ஒருவன் தொடையிலிருந்து, ஒருவன் காலிலிருந்து, நீ அதிலும் சேரமாட்டாய் என்று சொன்ன கதை. கிணற்றில் நீர் எடுக்க விடாததற்கும் தெருவில் நடக்க விடாததற்கும் அந்தக் கதையைக் காரணம் காட்டினார்கள். அதைத் தட்டிப் பார்க்கும் துணிவு இந்த ஊருக்குச் சீக்கிரமே வந்தது. அந்தக் கதையை மறுத்த அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. அவர் எழுத்துகளை இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 1926இல் தங்கவயலிலிருந்தே வந்தது. சுரங்கத்திலிருந்து ஏறிவந்த தொழிலாளி படித்த பத்திரிகை அது.

அவர்கள் நியாயத்தால் மறுத்ததை இன்று ரத்தத் துளியே மறுக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்து மனிதர் ஒருவரின் மரபணுவில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக நடந்து வந்தவர்களின் அடையாளத்தைக் கண்டது. அதே அடையாளம் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் இருக்கிறது. தலையிலிருந்து வந்தவரும் இல்லை, காலிலிருந்து வந்தவரும் இல்லை. எல்லோரும் நடந்து வந்தவர்கள், ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள். இந்தப் பாடத்தை மறைத்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசியுங்கள். டார்வின் பெயரைச் சொல்லி நிறத்துக்கும் இனத்துக்கும் ஏணி போட்டுக் கொடுமை செய்தவர்களும் உலகில் உண்டு. அதுவும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அரைகுறையாகத் தெரிந்துகொண்டவர்கள் செய்த வேலை அது. முழுதாகச் சொல்லிக்கொடுப்பதுதான் அதற்கு மருந்து.

இனி நம்பிக்கை உள்ளவர்களிடம் பேசுகிறேன். நானும் உங்கள் தெருவில்தான் இருக்கிறேன். உங்கள் கோயில் மணியும் சர்ச் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்டுத்தான் எழுகிறேன். கடவுளை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. பாடநூலில் மிச்சம் வைத்திருக்கிறார்களே 'மரபு', அது தொடங்குவது பட்டாணிச் செடி வளர்த்த மெண்டலிடமிருந்து. அவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. 1866இல் அவர் வெளியிட்டதுதான், பெற்றோரின் பண்பு பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று டார்வினுக்குக் கடைசிவரை பிடிபடாத கேள்விக்கு விடை. 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் 1925இல் பரிணாமப் பாடம் நடத்தியதற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு நூறு டாலர் அபராதம் போட்டார்கள். 2004இல் டோவர் என்ற ஊரில் பள்ளி நிர்வாகம் படைப்புவாதத்தை வேறு பெயரில் வகுப்பறைக்குள் கொண்டுவரப் பார்த்தது. வழக்குப் போட்டுத் தடுத்தவர்கள் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர். அவர்களில் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள்.

போதகர்களே, பூசாரிகளே, பள்ளிவாசல் பெரியவர்களே, பிள்ளையிடம் 'பாடமா சாமியா, ஒன்றைத் தேர்ந்தெடு' என்று சொல்லாதீர்கள். பதினைந்து வயதுத் தோளில் ஏற்றும் சுமையா அது? பாடம் உண்மை என்று பின்னால் பிள்ளை தானே கண்டுகொள்ளும் நாளில், நீங்கள் சொன்ன மற்றதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும். அந்த இழப்பு உங்களுக்குத்தான்.

ஆசிரியர்களே, உங்களிடம்தான் அதிகம் கேட்கிறேன். உங்களுக்குத் தனிப்பட்ட நம்பிக்கை இருக்கலாம். அதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில், இதுதான் சான்று, இப்படித்தான் கண்டுபிடித்தார்கள், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று சொல்லுங்கள். பிள்ளை கேட்பதற்கு விடை தெரியாவிட்டால், படித்துவிட்டு வந்து நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி அடுத்த நாள் சொல்லுங்கள். 'மார்க்குக்காக எழுது' என்ற வார்த்தையை மட்டும் இனி உங்கள் வாயால் சொல்லாதீர்கள். போர்ஷனில் இல்லையென்றாலும் இரண்டு பீரியட் ஒதுக்குங்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று நம் அரசியலமைப்பிலேயே 1976இல் சேர்த்திருக்கிறார்கள். உங்களைத் தடுக்கிறவர் யாராவது இருந்தால் அதைக் காட்டுங்கள்.

பெற்றோரே, இன்று ராத்திரி பிள்ளையின் அறிவியல் புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். மரபுப் பாடத்தில் பரிணாமம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து ஏன் இல்லை என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர் வீட்டில் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாறையைப் பற்றி வாத்தியாரைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு டியூஷன் பிள்ளைகளைப் பெத்தபள்ளிப் பாறைக்குக் கூட்டிப்போகிறேன். யார் பிள்ளையாக இருந்தாலும் அனுப்புங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள், முள் அதிகம். ஒரு தண்ணீர் பாட்டில், தலைக்குத் தொப்பி. "மார்க் வருமில்ல சார்" என்ற அந்தப் பெண் இப்போது பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள், சளிப் பரிசோதனை செய்கிறாள். அவளும் லீவு போட்டு வருகிறேன் என்றிருக்கிறாள். முதல் பூசைக்குப் போகிறவர்கள் முடித்துவிட்டே வாருங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.